பெரியையாவும் ஒரு முழங்கையும்



எங்கள் பெரியையா உரும்பிராயில் வைத்தியராக இருந்தவர். கிரிக்கெட் வர்ணனை நடக்கும் நாட்களில், நோயாளியின் நாடியைப் பிடித்தபடியே ஓட்ட எண்ணிக்கைக்கும் காது கொடுப்பார்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்தபோது அவரும் தென்மராட்சிக்கு நடந்தார். தோளில் மருந்துப் பை, கையில் வானொலி. பற்றரிக்குத் தடை இருந்த காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்டோம்.

அந்த டிசம்பர் 26இல் மெல்பேர்ணில், முத்தையா முரளிதரனின் பந்தை நடுவர் டரல் ஹெயர் ஏழு தடவை 'நோ போல்' என்றார். நாடே கொதித்தது. பெரியையா தன் கையை நீட்டிக் காட்டினார்: "சிலருக்குப் பிறப்பிலையே முழங்கை முழுசா நிமிராது. பாக்கிறவனுக்கு எறியிற மாதிரித் தெரியும் தம்பி." 1996இல் நடந்த பரிசோதனைகளுக்குப் பின் சர்வதேச கிரிக்கெட் பேரவையும் அந்தப் பந்துவீச்சை ஏற்றது.

ஒரு தமிழரின் முழங்கைக்காகக் கொதித்த நாடு, இலட்சக்கணக்கான தமிழர் மரநிழலிலும் பாடசாலைகளிலும் கிடந்ததற்காக அப்படிக் கொதிக்கவில்லை.

"பிறகேன் இவைக்குக் கை தட்டுறியள்?" என்றேன்.

"நல்ல ஆட்டத்துக்கு இனமில்லை, காய்ச்சலுக்கும் இல்லை" என்றார்.

உண்மைதான். ஆனால் மருந்துக்கு இனம் இருந்தது. வடக்கே வரவேண்டிய குளிசைகள் அனுமதிக்குக் காத்துக் கிடந்தன.

1996 மார்ச் 17இல் இலங்கை லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற இரவும் அவர் முன்னே காய்ச்சல்காரரின் வரிசை நீண்டிருந்தது. அரவிந்த டி சில்வா 107 அடித்ததைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. பிறகு, இருந்த குளிசையைப் பாதியாக உடைத்து இருவருக்குக் கொடுத்தார்.