கொப்பிக்குள் ஒரு பூ

வத்தேகமயைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கவிதை எழுதும் பிள்ளைகளோடு, படம் பார்ப்பதைப் பற்றி இன்று கொஞ்சம் பேச ஆசை. சினிமாப் பாட்டை விட்டுவிடுவோம். அது வேறு தொழில், கூலியும் நல்ல கூலி.

1987இல் ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி எடுத்த படம் ‘நண்பனின் வீடு எங்கே?’. தலைப்பு, சொஹ்ராப் செபெஹ்ரி என்ற கவிஞரின் கவிதையிலிருந்து வந்தது. கியரோஸ்தமியும் குறுங்கவிதைகள் எழுதியவர்தான். கதை ஒரு கைப்பிடி. வகுப்பில் பக்கத்தில் இருக்கும் நண்பனின் கொப்பியைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான் அகமது. நாளைக்கும் அந்த நண்பன் கொப்பியில் எழுதாமல் வந்தால் பள்ளியைவிட்டே விலக்குவேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். கொப்பியைக் கொடுக்க, குன்றின்மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அடுத்த ஊருக்கு ஓடுகிறான் பையன். உச்சியில் ஒற்றை மரம். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து மேற்கணக்குக்குப் போகும் நம் குறுக்குப் பாதைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வீடு கிடைக்கவில்லை. இருட்டிவிடுகிறது. வழிகாட்ட வந்த கிழவர் கொடுத்த சிறு பூவைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரும்புகிறான். நண்பனின் பாடத்தையும் தானே எழுதுகிறான். மறுநாள் வாத்தியார் கொப்பியைப் புரட்டுகிறார். தாளுக்கிடையில் அந்தப் பூ. படம் முடிந்துவிட்டது. நட்பு என்று யாரும் வாய் திறக்கவில்லை.

நம் கவிதைகளைப் பாருங்கள். கொழுந்தைச் சொன்னதும் இரத்தம் வந்துவிடும், குடியிருக்கும் லயத்தைச் சொன்னதும் சிறை வந்துவிடும். பொய்யில்லை, ஆனால் வாசகர் பார்ப்பதற்கு முன்பே நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகும் அம்மா, ரொட்டி கட்டிய துணியின் முடிச்சை இறுக்குவதை மட்டும் எழுதினால் போதாதா?

ஈரான்வரை போகவும் தேவையில்லை. கண்டியில் பிறந்த சிங்களக் கலைஞர் தர்மசேன பத்திராஜ, எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே ‘பொன்மணி’யை எடுத்தார். எழுதியவர் காவலூர் இராசதுரை. சாதியையும் சீதனத்தையும் பற்றிய படம்; தென்னிந்தியப் படங்களுக்குப் பழகிய கண்ணுக்கு மெதுவாகத்தான் நகரும். அந்த மெதுவில்தான் கவிஞருக்கு வேலை இருக்கிறது.

ஒரு படத்தைச் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். பார்த்த கையோடு எழுதிவிடாதீர்கள். ஒரு கிழமை கழித்தும் எந்தக் காட்சி போக மறுக்கிறதோ, அதை உங்கள் தோட்டத்தில் தேடுங்கள். எழுதும்போது படத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.