டப்பாவுக்குள் பிறர் எழுதிய நிரல்

மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி, செடிக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் விடும் கருவி என்று வீட்டிலேயே செய்து விற்பவர்கள் இன்று பெருகிவருகிறார்கள். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு ரிலே, ஒரு சென்சார், ஒரு பிளாஸ்டிக் டப்பா. இவற்றுக்கெல்லாம் பில் உண்டு. பில்லில் வராத ஒன்றும் அந்த டப்பாவுக்குள் போகிறது. முன்பின் தெரியாத பலர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்தான் அது.

யாரும் எடுத்துப் பயன்படுத்த உரிமம் கொடுத்து, மூலத்தோடு இப்படிப் பொதுவில் வைத்ததைத் திறமூல நிரல் என்பார்கள். அதைப் போட்டுக் காசு சம்பாதிக்கக் கூடாது என்று நினைத்துத் தயங்குபவர்களைப் பார்க்கிறேன். அந்தத் தயக்கம் வேண்டாம். விற்பனையைத் தடுக்கும் உரிமத்தைத் திறமூல உரிமம் என்றே ஏற்பதில்லை. என்ன விலை வைப்பது என்பதும் உங்கள் விருப்பம். ஆனால் விற்ற கணத்தில் சில கடமைகள் வந்து சேர்கின்றன.

ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டையே எடுத்துக்கொள்வோம். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்தது அது. கடையில் வாங்கிய போர்டை அப்படியே டப்பாவில் பொருத்தி விற்றால், உங்கள் கருவியின் வரைபடத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அந்த போர்டின் வரைபடத்தையே எடுத்துத் திருத்திச் சொந்த போர்டு அடித்தால், திருத்திய வரைபடத்தை, மூல வரைபடம் எந்த உரிமத்தில் வந்ததோ அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ஆர்டுயினோ என்ற பெயரை மட்டும் அதற்குச் சூட்டக் கூடாது. அது பதிவு பெற்ற வணிகக் குறி.

நிரலில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆர்டுயினோவின் அடிப்படை லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், எல்.ஜி.பி.எல். உரிமத்தில் வருகின்றன. நீங்கள் எழுதிய நிரலை மூடியே வைத்துக்கொள்ளலாம். லைப்ரரியைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தத்தைத் தர வேண்டும். அதோடு, கருவியை வாங்கியவர் புதிய லைப்ரரியுடன் உங்கள் நிரலை மறுபடி இணைத்துக்கொள்ள வசதியாக, கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்புகளையும் தர வேண்டும். இந்தக் கடைசிக் கடமையைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எம்.ஐ.டி. உரிமம் எளிது. எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கருவியோடு ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். அந்தத் தாளையும் கொடுக்காமல் விற்பது எனக்கு வருத்தம் தருகிறது. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவர் கேட்பது தன் பெயரை மட்டும்தானே!

ஜி.பி.எல். உரிமம் என்றால் கடமை பெரிது. அந்த உரிமத்தில் உள்ள ஒரே ஒரு லைப்ரரியைச் சேர்த்தாலும், அதோடு பிணைந்து சிப்பில் ஏறும் நிரல் முழுவதன் மூலத்தையும் தர வேண்டும். யாருக்கு? உங்கள் கருவியை வாங்கியவருக்கு. மூல நிரலைக் கருவியோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்தது. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு இன்னும் ஒரு படி போகிறது. வீட்டு உபயோகக் கருவி என்றால், திருத்திய நிரலை மறுபடி ஏற்றும் வழியையும் வாங்கியவருக்குத் தர வேண்டும். சிப்பைப் பூட்டிவிட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ள முடியாது.

மூலத்தைக் கொடுத்தால் பிழைப்பு போய்விடாதா என்று கேட்பீர்கள். லின்க்ஸிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரவுட்டருக்குள் லினக்ஸ் இயங்குதளம் இருப்பதை 2003இல் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம் ஜி.பி.எல். மூலத்தைக் கொடு என்ற கோரிக்கை வலுத்தது, நிறுவனமும் கொடுத்தது. அதிலிருந்து ரவுட்டர் நிரலுக்கென ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற தனித் திட்டமே கிளம்பியது. வியாபாரம் படுத்துவிடவில்லை. புது நிரல் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கென்றே 54ஜி.எல். என்ற மாதிரியை 2005இல் இறக்கினார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் அது விற்றது. சிறு தயாரிப்பாளரின் நிலையும் இதற்குத் தூரமில்லை என்பது என் கருத்து. டப்பாவின் நேர்த்தி, கெட்டால் வந்து பார்க்கும் ஆள் இருக்கிற நம்பிக்கை, இவற்றுக்குத்தான் மக்கள் பணம் தருகிறார்கள்.

உரிமம் எதுவும் எழுதாமல் வைத்திருக்கும் நிரலில்தான் மிகுந்த கவனம் தேவை. எதுவும் எழுதவில்லை என்றால் எதற்கும் அனுமதி இல்லை என்றே பொருள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் வைத்துக் காக்கிறது.

ஆகவே முதல் கருவியை விற்பதற்கு முன்பே, பயன்படுத்திய லைப்ரரிகளின் பெயர், பதிப்பு எண், உரிமம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எந்தக் கருவியில் எந்தப் பதிப்பை ஏற்றினீர்களோ, அதன் மூலத்தை அழிக்காமல் சேமியுங்கள். ஒரு லைப்ரரியின் உரிமம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால், எழுதியவரையே கேட்கலாம். பதிப்புரிமை அவருடையது என்பதால், கட்டணம் பெற்றுக்கொண்டு உங்களுக்குத் தனி உரிமம் தர அவருக்கு அதிகாரம் உண்டு. பலர் சேர்ந்து எழுதியது என்றால் அத்தனை பேரின் சம்மதமும் வேண்டியிருக்கும்.