கோழிக்கு ஊரடங்கு தெரியுமா?

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 24-ஆம் தேதி ஒரு அறிவிப்பு வந்தது. சேலம் மாநகராட்சியில் 26 முதல் 28 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடைகூடத் திறக்காது. கூட்டம் சேரக்கூடாது என்பதற்குத்தான் இந்த உத்தரவு. மறுநாள் என்ன ஆச்சு? மூன்று நாள் சாமானையும் வாங்கிவிட ஊரே கடைவாசலில் கூடிவிட்டது!

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஃபிரிட்ஜ் இருக்கிற வீடுகள் சமாளித்துக்கொண்டன. அந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாக்களுக்குத்தான் கஷ்டம். பஸ் ஓடவில்லை, வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்தவர்களும் உண்டு, கணக்குப் பார்த்தவர்களும் உண்டு. ரேஷனில் ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமாகக் கிடைத்தன. வீட்டு வாடகையை எந்த ரேஷன் கடையில் வாங்குவது?

சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் முகூர்த்த மாதத்தில் மூடிக்கிடந்தன.

கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லின் கதை வேறு. அங்கே கோழிக்கு ஊரடங்கு தெரியாது. முட்டை போட்டுக்கொண்டே இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. பள்ளிக்கூடம் மூடியதால் சத்துணவுக்கு முட்டை போகவில்லை. போதாததற்கு, கோழியால் கொரோனா பரவும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி. முட்டை விலை விழுந்தது.

அப்புறம் கொரோனா வார்டில் நோயாளிகளுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? அவித்த முட்டை!