குழலில் படியும் ஈயம்



ஈயத்தை நாம் எல்லாரும் அறிவோம். மீன்வலையின் ஓரத்தில் கோத்த குண்டுகள் ஈயம். பழைய கார் பேட்டரிக்குள் இருக்கும் தகடுகளும் ஈயமே. நகத்தால் அழுத்தினால் தடம் விழும். காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும். அவ்வளவு மென்மையான உலோகம் அது. அந்த மென்மை துப்பாக்கிக் குழலுக்குள் என்ன செய்கிறது, எவ்வகைக் குழலில் அது ஆபத்தாகிறது என்பதை இன்று பார்ப்போம்.

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஆனால் போலீசிலும் இராணுவத்திலும் காவல் வேலையிலும் சேரும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அன்றியும், ஈயத்தின் குணம் துப்பாக்கியோடு நின்றுவிடுவதில்லை.

முதலில் குழலின் அமைப்பைப் பார்ப்போம். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறது. அதுபோலச் சுழன்று செல்லும் குண்டும் தடுமாறாமல் நேராகச் செல்லும். குண்டைச் சுழல வைப்பதற்காகக் குழலின் உட்சுவரில் திருகாணியின் மரைபோலப் பள்ளங்கள் வெட்டுகிறார்கள். பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அது குண்டைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகிறது.

இந்தப் பள்ளங்களே வேண்டாம் என்று எண்ணியவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். 1850-களில் அவர் அறுகோணக் குழல் ஒன்றைச் செய்தார். பிள்ளைகள் எழுதும் ஆறு பக்கப் பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பென்சிலை மெல்ல முறுக்கினால் எப்படி இருக்குமோ, அதுவே அக்குழலின் உள்வடிவம். 1860-இல் விம்பிள்டனில் நடந்த போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தபோது சுட்டது விட்வொர்த் துப்பாக்கியால்தான். 400 கெஜ தூரத்தில் வைத்த இலக்கின் நடுப்பகுதியில் குண்டு பட்டது. ஆயினும் பிரிட்டிஷ் இராணுவம் அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்கவில்லை. விலை மிக அதிகம். குழலில் கசடும் விரைவில் சேர்ந்தது.

கசடு எல்லாத் துப்பாக்கிகளுக்கும் உள்ள தொல்லை. அக்காலத்தில் இராணுவத்தில் இருந்த என்பீல்டு துப்பாக்கியின் ஈயக் குண்டு குழலில் எளிதாக இறங்குவதற்காகத் தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று எழுந்த பேச்சு 1857-இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று.

பின்னர் வெடிமருந்தின் வேகம் கூடியது. வெறும் ஈயம் அவ்வேகத்தைத் தாங்கவில்லை; குழலுக்குள் தேய்ந்து ஒட்டிக்கொண்டது. சுவிட்சர்லாந்து நாட்டு எட்வர்ட் ரூபின் 1882-இல் ஈயக் குண்டுக்குச் செம்பு உறை போட்டார். கடினமான உறை குழலை உரசிச் சென்றது; ஈயம் உள்ளே பத்திரமாக இருந்தது. இன்றைய பெரும்பாலான இராணுவக் குண்டுகள் உறையிட்டவையே.

பலகோணக் குழல் இருபதாம் நூற்றாண்டில் கைத்துப்பாக்கிகளில் மீண்டும் வந்தது. ஜெர்மனியின் ஹெக்லர்-கோச் நிறுவனம் சில கைத்துப்பாக்கிகளில் அதை அமைத்தது. 1982-இல் ஆஸ்திரிய இராணுவம் தேர்ந்தெடுத்த குளோக் 17 துப்பாக்கியிலும் அறுகோணக் குழலே இருந்தது. இவற்றின் உள்ளே கூரிய விளிம்புகள் இல்லை. வழவழப்பான மேடும் தாழ்வுமே உண்டு. உறையிட்ட குண்டு இதில் குழலோடு நன்றாகப் பொருந்துகிறது, புகை பக்கவாட்டில் கசிவது குறைகிறது, துடைப்பதும் எளிது.

ஆனால் இதே குழலில் உறையில்லாத ஈயக் குண்டைச் சுட்டால் நிலைமை மாறுகிறது. வழவழப்பான மேடு மென்மையான ஈயத்தைக் கூரிய விளிம்பைப்போல உறுதியாகக் கவ்வுவதில்லை. குண்டு சற்றே சறுக்குகிறது. சறுக்கும்போது ஈயம் தேய்ந்து சுவரில் பூசிக்கொள்கிறது. அடுத்த குண்டு அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசுகிறது.

பால்மரத்து மங்கை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் ஒட்டுப்பாலை உரிக்காமல் விட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல நாள் உரிக்காமல் விட்டால் மங்கில் பால் நிற்க இடமிராது. குழலின் கதையும் அதுதான். வழி குறுகக் குறுகக் குண்டு வெளியேறுவது கடினமாகிறது. பின்னால் எரியும் மருந்தின் அழுத்தம் ஏறுகிறது. அளவு மீறினால் தோட்டாவின் கூடோ குழலோ வெடிக்கும். பிடித்திருக்கும் கையும் பார்த்திருக்கும் கண்ணும் அப்போது காயமடையலாம். இத்தகைய குழல்களில் வெறும் ஈயக் குண்டு வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

சிலர், "ஐம்பது குண்டு சுட்டோம், ஒன்றும் ஆகவில்லையே!" என்பார்கள். ஐம்பதில் ஒன்றும் ஆகாதது ஐம்பத்தொன்றுக்கு உறுதி தராது. இன்னும் சிலர், ஈயக் குண்டுகளைச் சுட்டபின் உறையிட்ட குண்டு ஒன்றைச் சுட்டால் அது குழலைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்புகிறார்கள். ஏற்கெனவே குறுகிய வழியில் கடினமான குண்டைத் திணிப்பது அழுத்தத்தை மேலும் ஏற்றும் செயல். துப்பாக்கியில் குண்டில்லை என்று உறுதி செய்துகொண்டு, தூரிகையால் தேய்த்துப் படிவை எடுப்பதே முறை. ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தால் குண்டு கடினமாகும்; படிவு குறையலாம். ஆனால் தயாரிப்பாளரின் எச்சரிக்கை அதனால் நீங்கிவிடாது.

நேயர்களே, ஈயம் குழலில் மட்டும் படிவதில்லை. மனித உடலிலும் படிகிறது. சுடும் பயிற்சிக் கூடங்களில் எழும் புகையிலும் தூசியிலும் ஈயம் உண்டு. அது மூச்சோடும், கழுவாத கையால் உண்ணும் உணவோடும் உள்ளே போகிறது. போனது எலும்பில் பல ஆண்டுகள் தங்குகிறது. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது. இவ்வளவு ஈயம் உடலில் இருந்தால் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆகவே, அத்தகைய பணியில் இருக்கும் மகனோ மகளோ வீடு திரும்பினால், கை முகம் கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். வலைக்குக் குண்டு வார்ப்பதற்காகப் பழைய பேட்டரி ஈயத்தை அடுப்பில் உருக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை நிறுத்துங்கள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், விறகடுப்பே போதும். எளிதாக இருப்பதனாலேயே அது ஆபத்து. அந்தச் சட்டியில் சமைப்பதோ, அந்த இடத்தில் குழந்தையை விளையாட விடுவதோ கூடவே கூடாது.

பெரும் கேடு பல சமயம் சத்தமில்லாமல், ஒரு மெல்லிய பூச்சாகத்தான் தொடங்குகிறது. குழலானாலும் குழந்தையின் உடலானாலும், படியும் முன்னே தடுப்பதே அறிவுடைமை.