முருகைத் தொட்டியும் நீரோட்டமும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கேயுள்ள பாசிக்குடாவில் இறங்கி நீராடியவர்கள் அங்குள்ள நீரின் இயல்பை அறிவர். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் ஆழம் மிகுவதில்லை. அலையும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். திறந்த கடலை நோக்கிய முருகைக்கற் பாரிலோ நீர் ஓயாது மோதித் திரும்பிக்கொண்டிருக்கும். அலை மோதும் புறத்தில் முருகை கட்டையாகவும் இறுகியும் வளரும். அமைதியான நீரில் மெல்லிய நீண்ட கிளைகளை விடும். ஒரே இனங்கூட இடத்துக்கேற்ப உருவம் மாறுவதுண்டு.

வீட்டில் கண்ணாடித் தொட்டியொன்றில் கடல்நீர் நிரப்பி முருகை வளர்க்க விரும்புவோர் முதலிற் சிந்திக்கவேண்டியது இந்த வேறுபாட்டையே. ஆயினும், பாசிக்குடாவிலோ காயங்கேணியிலோ உயிருள்ள முருகையைப் பெயர்த்து வர எவரும் எண்ணலாகாது. இலங்கையில் அது சட்டப்படி குற்றமாகும். தொட்டிகளிலேயே வளர்த்துப் பெருக்கிய துண்டுகளை முறையாகப் பெற்று வளர்ப்பதே வழி.

முருகை இடம்பெயரமாட்டாத உயிர். அதற்கு இரையும் பிராணவாயுவும் கொண்டுவருவது நீரோட்டம். அதன் கழிவையும், மேலே படியும் சேற்றையும், அது சுரக்கும் வழுவழுப்பையும் அகற்றுவதும் நீரோட்டமே. நீர் அசையாது நின்றால் முருகையின் தோலை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தேங்கிவிடும். அதனூடே வாயுக்கள் உள்ளே செல்வதும் வெளியேறுவதும் தாமதமாகும். ஓட்டம் மிகுந்தால் அப்படலம் மெலியும். இரவில் இதன் தேவை கூடுதல். முருகையின் உடலினுள் வாழும் நுண்பாசி இருளிற் பிராணவாயுவை உண்டாக்குவதில்லை.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்? தொட்டி வளர்ப்போரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. மென்முருகைகளுக்கு, தொட்டிநீரின் அளவைப்போல் மணிக்குப் பத்து முதல் இருபது மடங்கு நீர் சுழலவேண்டும். கிளைவிடும் கல்முருகைகளுக்கு இருபது முதல் நாற்பது மடங்கு, சிலவேளை அதற்கும் மேல். 200 லீற்றர் தொட்டியில் மணிக்கு 4,000 லீற்றர் தள்ளும் நீர்ப்பம்பியை வைத்தால் இருபது மடங்கு என்று கணக்கு முடிந்துவிடும். முருகையின் கணக்கு முடிவதில்லை. அந்த 4,000 லீற்றரும் ஒரே வாயினால் ஒரே கிளைமீது பாய்ந்தால், அந்தப் பக்கத்துத் தசை உரிந்து வெள்ளைக் கல் வெளித்தெரியும். மறுமூலையில் நீர் தேங்கிச் செந்நிற வழும்பு படரும். 2,000 லீற்றர்ப் பம்பிகள் இரண்டை எதிரெதிரே வைத்து இரு ஓட்டங்களையும் நடுவில் மோதவிட்டால், அதே அளவு நீர் கடலலைபோல் அங்குமிங்கும் அசையும். பம்பியின் மேல் எழுதிய எண்ணைக் குருட்டுத்தனமாக நம்புவதும் தவறு. வழும்பு படிந்தால் அதன் வேகம் குறையும்.

ஆகவே கண்ணாலேயே அளக்கவேண்டும். நுண்ணிய மீனுணவை ஒரு சிட்டிகை தூவிப் பார்க்கலாம். துகள்கள் வந்து படியும் மூலை ஓட்டம் போதாத மூலை. அம்புபோல் நேரே பாயும் இடம் முருகை வைக்கத் தகாத இடம். சற்றுச் சுழன்று, தயங்கி, மீண்டும் நகரும் இடமே ஏற்றது. முருகையின் சிறு கைகள் முன்னும் பின்னும் ஆடினால் நல்ல அறிகுறி. ஒரே திசையில் மடிந்து கிடந்தால் ஓட்டம் மிகை. நாட்கணக்கில் உள்ளிழுத்துக்கொண்டிருந்தால் வேறு காரணங்களும் இருக்கக்கூடும். உப்பின் அளவையும் சூட்டையும் ஒளியையும் பார்த்த பின்னரே பம்பியைத் தொடவேண்டும். மாற்றுவதாயின் சிறிது மாற்றிச் சில நாள் பொறுத்திருப்பது நன்று. பொறுமையற்றவர்கள் நாள்தோறும் பம்பியைத் திருப்பித் திருப்பியே முருகையைக் கொன்றுவிடுகிறார்கள்.

முருகை வளர வளர அதன் கிளைகளே ஓட்டத்தைத் தடுக்கும். முதலாண்டில் சரியாயிருந்த ஓட்டம் மூன்றாமாண்டில் கிளைகளின் நடுவே எட்டாது போகும்.

ஓட்டத்தின் அருமை 1998ஆம் ஆண்டில் நன்கு புலப்பட்டது. உலகக் கடல்கள் சூடேறி, பல நாடுகளில் முருகைகள் வெளிறி மடிந்த ஆண்டு அது; இலங்கைக் கரையோரமும் பெரிதும் பாதிக்கப்பட்டது. சப்பான் நாட்டின் ஒக்கினாவாத் தீவில் நக்கமுரா, வான் வூசிக் என்னும் ஆய்வாளர்கள் ஒரே இன முருகையைத் தொட்டிகளில் வைத்துச் சோதித்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். சூடும் ஒளியும் மிகுந்த நிலையில், ஓட்டம் குறைந்த நீரில் இருந்தவை வெளிறி மடிந்தன. ஓட்டம் மிகுந்த நீரில் இருந்தவை தப்பின.

பம்பியை ஓட்டுவது மின்சாரம். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய வேளையிற் சில மணி நேரத்துக்குள் தொட்டிநீரிற் பிராணவாயு குன்றும். முதலில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்றை முன்னரே வாங்கி வைத்திருத்தல் வேண்டும். அதுவும் இல்லாதபோது, குவளையால் நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றலாம். சில நிமிடம் ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, மறுபடியும் ஊற்றவேண்டும். ஊற்றும் நீர் முருகையின் மேல் நேரே விழாமல், வெற்றிடத்தில் விழுமாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.