ஆராய்ச்சிக்கும் ஓர் உபயம்



என்னுடைய பெரியப்பா நெடுந்தீவில் வள்ளம் ஓட்டியவர். வாடைக்காற்றிலும் சுக்கானை விடாத கை அவருடையது. அறுபது வயதில் அந்தக் கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் போனது. நடுக்குவாதம். பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர் சொன்னார். லெவோடோப்பாக் குளிசை போட்டால் மூன்று நான்கு மணித்தியாலம் எழும்பி நடப்பார். மருந்தின் வேகம் இறங்கினால் வாசற்படியில் வைத்த கால் அங்கேயே நின்றுவிடும். கிளினிக் நாளில் விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போகவேண்டும். பின்னேரப் படகுக்குத் திரும்பும்போது குளிசையின் வேலை முடிந்திருக்கும். ஒருநாள், இறங்குதுறையின் விளிம்பில் அசையமாட்டாமல் நின்றவரை இரண்டு பொடியள் தூக்கிப் படகில் ஏற்றினார்கள். நாற்பது வருடம் அந்தக் கடலில் ஓடியவர் அன்று ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தக் குளிசையில் இருக்கும் பொருள், பற்றைகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் இருக்கிறது. தொட்டால் சுணை பட்டு அரிக்குமே, அதே கொடிதான். 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். நடுக்குவாதத்துக்கு அது மருந்தாகும் என்று அன்றைக்கு எவருக்கும் தெரியாது. நோயாளிகளின் மூளையில், லெவோடோப்பாவிலிருந்து உருவாகும் டோப்பமீன் என்ற இரசாயனம் குறைந்திருப்பதைக் கண்டறிய 1960 ஆனது. 1967இல்தான் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்ற வைத்தியர் லெவோடோப்பா அடங்கிய கலவையைக் கூடிய அளவில் கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்கவைத்தார். விதையை அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதேங்கோ, அளவு தப்பினால் ஆபத்து.

இன்றைக்கும் அதுவே முதன்மை மருந்து. நடுக்கத்தைத் தணிக்கும். மூளைக் கலங்கள் அழிவதைத் தடுக்காது. தடுக்கும் மருந்து உலகில் இன்னும் இல்லை.

நோயின் பரம்பரைக் காரணங்களைத் தேடியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரின் இரத்தத்திலேயே தேடினார்கள். 2023இல் நைஜீரிய நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், ஆபிரிக்க வழிவந்தவர்களிடமே பெரும்பாலும் காணப்படும் ஒரு மாற்றம் ஜிபிஏ1 என்ற மரபணுவில் அகப்பட்டது. எங்கள் இரத்தத்தில் என்ன இருக்கிறது? தேட ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். மாதிரிகளைக் காக்கக் குளிரூட்டி வேண்டும். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் படகேறிப் போய் நோயாளிகளைப் பதியவேண்டும்.

ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் டொலர் சேர்த்தவர்கள் தமிழர்கள். நயினாதீவு அம்மனுக்கு ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்து வந்து உபயம் செய்கிறோம், செய்வோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் ஓர் இளம் ஆய்வாளரை ஐந்து வருடம் தாங்கும் உபயத்தையும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் ஏற்கவேண்டும் என்று கேட்கவே வந்தேன். அந்த ஐந்து வருடத்துக்குள் மருந்து வந்துவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். விதையிலிருந்து மருந்தைப் பிரித்த அன்று தாமோதரனிடமும் அப்படியொரு வாக்கு இருக்கவில்லை.

பெரியப்பாவின் திவசம் ஆவணியில் வருகிறது. அன்னதானத்துக்கென்று எடுத்துவைத்ததில் பாதியைப் பெரியம்மா என்னிடம் தந்துவிட்டிருக்கிறா. இதோ, இந்த மேசையில் வைக்கிறேன். பற்றுச்சீட்டை அவவின் பெயருக்கு எழுதுங்கள்.