உள்ளக் காயமும் உற்ற துணையும்



வெள்ளி விழா மேடையில் கட்டிட நிதியைப் பற்றியும் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் பேசுவது மரபு. அவற்றை நமக்கு முன் பேசியவர்கள் செவ்வனே பேசிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ நாம் செய்த ஒரு பிழையிலிருந்து பிறந்தது.

நம் விடுதியில் தங்கிப் படித்த இளைஞர் ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று ஓர் அலுவலகத்தில் பணியில் அமர்ந்தார். ஆறு திங்கள் கழித்து நம்மைத் தேடி வந்தார். மேலதிகாரி மணியடித்து அழைத்தால் நெஞ்சு படபடக்கிறது, கோப்பைப் பிடித்த கை நடுங்குகிறது, இரவில் உறக்கம் வருவதில்லை என்றார். உணவு வேளையில் உடன் பணிபுரிவோர் வேறு மேசைக்கு எழுந்து போவதையும், எந்த ஒதுக்கீட்டில் வந்தீர் என்று சிரித்துக்கொண்டே வினவுவதையும் கூறினார். நாம் என்ன செய்தோம்? "இதனினும் கொடியவற்றை நம் பாட்டன்மார் தாங்கினர், பல்லைக் கடித்துக்கொண்டு இரு, தம்பி" என்று அறிவுரை கூறித் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம். மூன்றாம் மாதம் அவர் வேலையைத் துறந்து ஊர் திரும்பினார். ஓராண்டுக் காலம் எவரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

கலங்குவது கோழைமை என்னும் எண்ணம் நம்மிடையே எங்ஙனம் வேரூன்றியது? அண்ணல் அம்பேத்கர், நியூயார்க்கிலும் லண்டனிலும் பயின்று திரும்பி, 1917ஆம் ஆண்டு பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தங்க இடமின்றிப் பார்சிகளின் விடுதி ஒன்றில் இருந்த அவரைத் தடியேந்திய கூட்டம் ஒன்று வெளியேற்றியது. அந்நாளை நினைக்குந்தோறும் தமக்குக் கண்ணீர் வருவதைப் பல்லாண்டுகள் கழித்து எழுதிய குறிப்பில் அவர் மறைக்கவில்லை. அத்தகைய மாமலைக்கே ஆறாத காயம், இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு மட்டும் ஒரு குவளைத் தேநீரில் ஆறிவிடுமா?

சொல்லப்படாத துயரம் மறைந்துபோவதில்லை. அது நாமறியாத மனத்தின் ஆழத்தில் தங்கி, வேறு உருவில் வெளிப்படுகிறது என்பதே பிராய்டு காட்டிய வழி. 1895ஆம் ஆண்டு அவரும் பிராயரும் வெளியிட்ட நூலில், பேசுவதனாலேயே நோய் தணிந்த ஒரு பெண்ணின் வரலாறு இடம்பெற்றது. நம் நாட்டில் கிரீந்திரசேகர் போஸ் 1922ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இதற்கென ஒரு கழகம் கண்டார். நம் தெருவுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

அவ்வழி வந்த உளவியல் ஆலோசனை முறை எளிமையானது போலத் தோன்றும். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம், ஏறத்தாழ ஐம்பது நிமிடம். ஆலோசகர் உபதேசம் செய்வதில்லை. (நம்மைப் போன்ற மேடைப் பேச்சாளர்க்கு இது கடினமான தொழிலே!) வந்தவர் மனத்தில் தோன்றுவதைத் தடையின்றிச் சொல்ல, முன்னாளில் ஒருவரிடம் கொண்ட அச்சத்தை இன்று வேறொருவர் மேல் ஏற்றுகின்றாரா என்பதை இருவரும் சேர்ந்து ஆராய்கின்றனர்.

நம் இளைஞர் பின்னர் ஓர் ஆலோசகரிடம் சென்றார். அவர் இசைவுடனேயே இதனைச் சொல்கிறோம். பல வாரங்கள் சென்றபின் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வந்தார். சிலேட்டைக் கையால் தொடாமல், தூரத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்தவர் அவர். அலுவலகத்தில் மணி ஒலித்தபோதெல்லாம் இவர் செவியில் விழுந்தது அந்த ஆசிரியரின் குரல்! இதனை உணர்ந்தபின் கை நடுக்கம் படிப்படியாகக் குறைந்தது.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். ஆசிரியர் நினைவு, மேசை மாறிப் போனவர்களோ நிகழ்காலம். அதனையும் உன் கற்பனையே என்று சொல்லும் ஆலோசகர் புண்ணில் கோலிடுகிறார். அநீதியை நோயாக்கிவிடும் ஆலோசனை நமக்கு வேண்டா. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வேலையை எந்த ஆலோசகரும் செய்துவிட முடியாது.

பணியிடத்து ஆறுதலுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே அழைத்து அவர்தம் மனக்குறைகளைக் கேட்டனர். மனம்விட்டுப் பேசியதே பலருக்கு ஆறுதலாயிற்று. ஆனால் கேட்கும் செவி நிர்வாகத்தின் செவியாயிருப்பின், குறை தீராமலே குரல் அடங்கிவிடும் எனப் பின்னாளில் குறைகூறியோரும் உண்டு. இன்று நிறுவனங்கள் பல, ஊழியர்க்கு ஆலோசகரை ஏற்பாடு செய்கின்றன. இளைஞர்களே, அவரிடம் செல்லுங்கள். ஆனால் நான் சொல்வது மேலதிகாரியின் மேசைக்குப் போகுமா என்பதை முதல் நாளே கேளுங்கள். மனநல மருத்துவம் பெறுவோரின் செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் வழங்குகிறது. நள்ளிரவில் நெஞ்சு கனத்தால், 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் எண் 14416 கட்டணமின்றிக் கிடைக்கும்.

ஏழைகளுக்கு இவையெல்லாம் ஆகுமா என்பீர்கள். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் துணைநிற்க, மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்த்தாம் 1946ஆம் ஆண்டு லஃபார்க் நிலையத்தைத் திறந்தார். பெருங்கட்டிடம் இல்லை, ஒரு தேவாலயத்தின் நிலவறையே இடம். கட்டணம் 25 சென்ட், இயலாதவர்க்கு அதுவுமில்லை. மருத்துவர்கள் ஊதியமின்றி மாலை வேளைகளில் உழைத்தனர். வெள்ளையர்க்கு வேறு, கறுப்பர்க்கு வேறு எனப் பள்ளிகள் பிரிக்கப்பட்டிருந்த டெலவேர் மாநிலத்துக் குழந்தைகளை அந்நிலையத்தார் ஆராய்ந்தனர். பிரிவினை பிஞ்சு உள்ளங்களைப் புண்படுத்துகிறது என 1951இல் வெர்த்தாம் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த பள்ளி வழக்குகளுள் டெலவேர் வழக்கும் ஒன்று. நிலவறையில் கேட்ட துயரம் நீதிமன்றம் ஏறிற்று! அந்நிலையம் 1958இல் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளே வாழ்ந்தது.

நம் சங்க நூலகத்தின் பின்னறை மாலை ஆறு மணிக்குமேல் பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் இரு மாலைகள் அதனைத் திறந்து, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அமர்த்தச் செயற்குழு ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டு நாற்காலிகளும், உள்ளிருந்து தாழிடத்தக்க ஒரு கதவும் போதும். அந்த இளைஞர் இப்பொழுது வேறோர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். இவ்வரங்கின் கடைசி வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். நாற்காலிகளைத் தாமே வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.